பாயிரமும் அறிக்கையின் முகப்பும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில், வாழ்நாளெல்லாம் வணிகவியல் கற்பித்த ஒருவனுக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். வினா நியாயமானதே. ஆயினும் வணிகத்திற்கும் தமிழிலக்கணத்திற்கும் இடையே யாரும் அதிகம் நடவாத ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அலுவலகங்களில் எழுதப்படும் முறைசார்ந்த அறிக்கையின் தொடக்கப் பக்கங்களை ஆயத்தம் செய்யும் பணி, நம் முன்னோர் பாயிரம் என்று பெயரிட்டு வகுத்துவைத்த கலையே என்பது என் துணிபு. அதனை என் ஊரில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

நம் மாணவர் பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்ததும் முதலில் அஞ்சுவது அறிக்கை எழுதும் பணிக்கே ஆகும். கணக்கைச் சேர்த்துவிடுவர்; அட்டவணை போட்டுவிடுவர்; களத்திற்குச் சென்று விவரங்களையும் திரட்டிவிடுவர். ஆனால் முதல் ஐந்து பக்கங்களில் எதை எழுதுவது என்று தெரியாமல் திகைப்பர். முகப்புப் பக்கம், ஒப்படைப்புக் கடிதம், பொருளடக்கம், சுருக்கம், முன்னுரை ஆகிய ஐந்தும் அறிக்கையின் அணிகலன்கள் என்றும், உடல் நன்றாக இருந்தால் போதும், அணிகலன் எப்படியிருந்தாலும் குறையில்லை என்றும் எண்ணுவோர் பலர். அணிகலன் என்று அவர்கள் கருதுவது அறிக்கையின் முகமாகும். முகம் பார்த்தே மனிதர் உள்ளே அழைக்கப்படுகின்றனர், அறிக்கையும் அவ்வாறே.

நன்னூல் சொல்லும் பதினொன்று

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த நன்னூலைக் கற்காத தமிழ் மாணவர் இலர். பவணந்தி முனிவர் தம் நூலின் வாயிலிலேயே பாயிரத்தின் இலக்கணத்தை வைத்தார். எத்துணை விரிவாக எழுதப்பட்டிருந்தாலும் பாயிரம் இல்லாததை நூலென்று ஏற்க இயலாது என்பது அவர் கருத்து. பாயிரத்திற்கு முகவுரை, நூன்முகம், அணிந்துரை முதலான பெயர்களும் உண்டு என்கிறார். அவற்றுள் சில இன்றும் நம் வழக்கில் இருப்பது கண்கூடு.

சிறப்புப் பாயிரம் அறிவிக்க வேண்டியவை எட்டு: எழுதியவர் யார், எந்த வழியில் வந்தது, எல்லை எது, நூலின் பெயர் யாது, எவ்வாறு யாக்கப்பட்டது, எப்பொருளைப் பற்றியது, யார் கேட்பதற்குரியது, அதனால் விளையும் பயன் யாது. இவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்று நன்னூலே கூறுகிறது. ஆக, பதினொன்று.

இப்பதினொன்றையும் ஓர் அறிக்கையின் முன் நிறுத்திப் பாருங்கள். பெயர், எழுதியவர், கேட்போர், காலம் ஆகிய நான்கும் முகப்புப் பக்கத்தில் அமைகின்றன. காரணமும் களமும், அதாவது யார் பணித்ததால் எழுதப்பட்டது, எந்த அவையின் முன் வைக்கப்படுகிறது என்பன, ஒப்படைப்புக் கடிதத்தில் இடம்பெறுகின்றன. யாப்பு என்பது பொருளடக்கம். பொருளும் பயனும் சுருக்கத்திற்கு உரியவை. வழியும் எல்லையும், அதாவது விவரங்கள் எங்கிருந்து பெறப்பட்டன, எவை ஆராயப்பட்டன, எவை விடப்பட்டன என்பன, முன்னுரைக்கு உரியவை. மேலைநாட்டு வணிகப் பள்ளிகள் இன்று கற்பிக்கும் பாடத்தில் இப்பதினொன்றிற்குப் புறம்பாக ஒன்றும் இல்லை என்பதை, அப்பாடத்தைப் பல்லாண்டு நடத்தியவன் என்ற முறையில் துணிந்து கூறுவேன்.

எம் ஊரும் அறிக்கைகளும்

நான் பிறந்த ஊர் நாசரேத். தூத்துக்குடி மாவட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப் பாதையில், ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த நிலையம். அதே வண்டியில் இன்னும் சற்றுத் தொலைவு சென்றால் காயல்பட்டினம். தேரியின் செம்மணலும் பனங்காடும் சூழ்ந்த ஊர். 1876இல் அங்கு வந்து, 1908இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றிய கனோன் ஆர்தர் மர்காஷிஸ் அவர்களின் பெயரை எங்கள் பகுதியில் அறியாதார் இலர். அக்காலத்துப் பெரும் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பேணியவர். 1878இல் கைத்தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கி அவர்களுக்குத் தொழில் கொடுத்தவர்.

அக்காலத்து மிஷன் பணியாளர்கள் இலண்டனிலிருந்த தலைமைக்கு முறைப்படி அறிக்கை அனுப்பும் கடமை உடையவர்கள். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் ஒருபோதும் இப்பனங்காட்டைக் கண்டவர் அல்லர். அவருக்குத் தெரிவதெல்லாம் தாளில் எழுதப்பட்டதே. அத்தாளைக் கொண்டே பள்ளிக்குப் பொருள் வருவதும் வராததும் அமையும். எனவே, நேரில் காணாதவர் நம்பும்படி எழுதுதல் என்னும் பழக்கம் எம் ஊரின் மண்ணுக்குப் புதியதன்று.

திரும்பி வந்த நாற்பது பக்கம்

1998ஆம் ஆண்டென்று நினைவு. எம் ஊருக்கு அருகே பனைவெல்லத் தொழிலாளர் சங்கம் ஒன்று இருந்தது. அறுபத்திரண்டு உறுப்பினர்கள். விடியுமுன் பனையேறிப் பதனீர் இறக்கி, விடிலியில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பவர்கள். பதனீர் சுரப்பது கோடையை ஒட்டிய சில மாதங்களே. அம்மாதங்களில் எல்லார் வீட்டிலும் கருப்பட்டி இருக்கும். ஆகவே விலை இராது. மழைக்காலத்தில் விலை ஏறும். ஆனால் அப்போது இவர்கள் வீட்டில் கருப்பட்டி இராது. முன்பணம் கொடுத்த வியாபாரியின் கிடங்கில் இருக்கும். ஈரம் படாமல் சேமித்து வைக்க ஒரு கிடங்கும், அதுவரை குடும்பம் நடத்தச் சிறு முன்பணமும் சங்கமே கொடுக்க முடியுமானால், ஏறிய விலை ஏறியவனுக்கே சேரும். இதற்காக ஒரு வங்கியிடம் 4 இலட்ச ரூபாய் கடன் கேட்க முடிவு செய்தனர்.

நகரத்தில் அறிக்கை எழுதித்தரும் ஒருவரிடம் கூலி கொடுத்து, நாற்பது பக்கத்தில் ஓர் அறிக்கை வாங்கி அனுப்பினர். அது திரும்பி வந்தது. உடன் வந்த குறிப்பில் மூன்று வினாக்கள் மட்டுமே இருந்தன: இது யாருடைய அறிக்கை? எதைக் கேட்கிறது? எந்த ஆண்டின் கணக்கு?

சங்கத்தார் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தனர். படித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த கணக்குகள் பிழையற்றவை. மரங்களின் எண்ணிக்கை, ஒரு மரத்தின் விளைச்சல், விறகின் விலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் முதல் பக்கத்தில் பனைமரத்தின் பெருமை. இரண்டாம் பக்கத்தில் கிராமப் பொருளாதாரத்தின் சிறப்பு. மூன்றாம் பக்கத்தில் கூட்டுறவின் மாட்சி. தொகை இருந்தது முப்பத்தேழாம் பக்கத்தில். எழுதியவர் பெயர் எங்குமே இல்லை.

சங்கக் கூட்டத்தில் அதன் முதல் மூன்று பக்கங்களைப் படித்துக் காட்டினேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டனர். எழுபது வயதைக் கடந்த பனையேறி ஒருவர், ஊரார் பாட்டையா என்றழைப்பவர், கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, படிச்சது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம என்ன கேக்கோம்னு அதுல எங்க இருக்கு?”

வங்கி மேலாளர் கேட்ட வினாவும் எழுத்தறியாத அம்முதியவர் கேட்ட வினாவும் ஒன்றே. அறிக்கையின் தொடக்கம் விடை சொல்ல வேண்டியதும் அந்த ஒரு வினாவிற்கே. நாற்பது பக்கத்தின் உடலைத் தொடாமல், முகத்தை மட்டும் புதிதாக எழுதும் பொறுப்பை ஏற்றேன்.

முகப்புப் பக்கம்

பழைய அறிக்கையின் தலைப்பு ‘பனைத்தொழில்’ என்பது. ஒரு பாடநூலுக்கோ சொற்பொழிவுக்கோ அது பொருந்தும். அறிக்கையின் தலைப்பு தன் வேலையைத் தானே சொல்ல வேண்டும். ‘கருப்பட்டியைப் பருவம் கடந்து விற்பதற்குச் சேமிப்புக் கிடங்கு அமைத்தல்: 4 இலட்ச ரூபாய் கடனுக்கான திட்ட அறிக்கை’ என்று மாற்றினோம். நீளம்தான். ஆயினும் கட்டுகளுக்கிடையே கிடக்கும் ஒரு தாளை எடுப்பவர், அது எந்த மேசைக்குச் செல்ல வேண்டும் என்பதை அத்தலைப்பைக் கொண்டே அறியலாம்.

இதற்கு நம் கடற்கரையோடு தொடர்புடைய சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் இலங்கைப் பகுதியில் 1891க்குப் பின் பல்லாண்டு பொய்த்துவிட்டன. காரணம் அறிய, லிவர்பூல் நகரின் இயற்கையியல் பேராசிரியர் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டு, 1902 தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தார். அவர் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. அதன் முகப்புப் பக்கத்தை மட்டும் பாருங்கள். இலங்கை அரசுக்கு எழுதப்பட்டது, மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி வளங்களைப் பற்றியது, எழுதியவர் இன்னார், பிற இயற்கையியலாளரின் துணை அறிக்கைகளும் அடங்கியது, அரசின் வேண்டுகோளின்படி ராயல் சொசைட்டி வெளியிடுவது, இத்தனையாம் பகுதி, இன்ன ஊர், இன்ன ஆண்டு. ஒரே பக்கத்தில் கேட்போர், பொருள், ஆக்கியோன், காரணம், களம், காலம் அனைத்தும் அடங்கிவிட்டன. அதை எழுதியவர் நன்னூலைக் கற்றவர் அல்லர். நேரிய அறிவு எந்நாட்டிலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்பதற்கு இது சான்று.

ஒப்படைப்புக் கடிதம்

அறிக்கையை ஒருவர் கையில் மற்றொருவர் கொடுக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்வது ஒப்படைப்புக் கடிதம். எந்தத் தீர்மானத்தின்படி, எந்நாளில் இவ்வறிக்கை எழுதப் பணிக்கப்பட்டது, இதில் கண்ட முடிவு யாது, உதவியோர் யாவர், மேலும் விளக்கம் வேண்டின் யாரை அணுக வேண்டும் என்பன ஒரு பக்கத்திற்குள் அமைய வேண்டும். இறுதியில் கையொப்பம்.

நம் இலக்கியங்களில் இம்மரபு ஆழ வேரூன்றியது. நன்னூலின் சிறப்புப் பாயிரம் சீயகங்கன் என்னும் அரசன் கேட்டுக்கொள்ளப் பவணந்தி இந்நூலைச் செய்தார் என்று பதிவு செய்கிறது. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் அளித்த பாயிரம், நாட்டின் எல்லையையும், நூல் அரங்கேறிய பாண்டியன் அவையையும், அதைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசானையும் குறிப்பிடுகிறது. எட்டயபுரத்தோடு வாழ்வு பிணைந்த உமறுப்புலவர், தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரைச் சீறாப்புராணத்தினுள்ளேயே நன்றியோடு நினைவுகூர்ந்தார். யார் பணித்தார், யார் கேட்டார், யார் துணை நின்றார் என்பதை மறையாது சொல்வது நம் நூல்மரபின் அறம்.

இக்கடிதத்தில் தற்புகழ்ச்சி எவ்வளவு இருக்கலாம் என்பது மாணவர் கேட்கும் வினா. அதற்கும் நன்னூலில் விடையுண்டு. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது பொதுவிதி. விலக்கு நான்கு. அவற்றுள் முதலாவது, அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போது. இரண்டாவது, தன் ஆற்றலை அறியாதாரிடையே இருக்கும்போது. வங்கிக்கும் நிறுவனத்திற்கும் எழுதும் கடிதத்தில் இவ்விரு நிலைகளும் ஒருங்கே அமைந்துள்ளன. எனவே, ‘எம் சங்கத்தார் முப்பதாண்டு இத்தொழிலில் பழகியோர், இதுவரை வாங்கிய சிறு கடன்களைத் தவணை தவறாது செலுத்தியோர்’ என்று எழுதுவது குற்றமன்று. மெய்ப்பிக்க இயலும் சொல் மட்டுமே வர வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு.

பொருளடக்கமும் எண்ணும்

பொருளடக்கம் கடைசியில் எழுதப்பட்டு முன்னால் வைக்கப்படுவது. உடலில் உள்ள தலைப்புகளும் பொருளடக்கத்தில் உள்ள தலைப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அட்டவணைகள் பலவாயின் அவற்றிற்குத் தனிப் பட்டியல் வேண்டும். தொடக்கப் பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண்களும், முன்னுரை தொடங்கும் இடத்திலிருந்து 1, 2, 3 என்னும் எண்களும் இடுவது வழக்கம். இன்று கணினியே பொருளடக்கத்தை நொடியில் தொகுத்துத் தருகிறது. தட்டச்சுப் பொறியில் பக்க எண் மாறியபோதெல்லாம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கில்லை. ஆயினும் ஓர் உண்மை மாறவில்லை. பொருளடக்கம் குழம்பியிருந்தால், எழுதியவரின் சிந்தனை குழம்பியிருக்கிறது என்று பொருள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் ஒரு வாதம் தெரிய வேண்டும். தெரியாவிடில் உடலையே திருத்த வேண்டும்.

சுருக்கம்

எல்லாவற்றிலும் அரிது இதுவே. நீண்ட அறிக்கையைப் பெறுவோருள் பலர் சுருக்கத்தை மட்டுமே படிப்பர். முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். ஆதலால் சுருக்கம் தனியே பிரித்தெடுத்தாலும் பொருள் தர வேண்டும். எது சிக்கல், என்ன ஆராய்ந்தோம், என்ன கண்டோம், என்ன வேண்டுகிறோம் என்ற நான்கும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். உடலில் இல்லாத ஒன்று சுருக்கத்தில் வரலாகாது. அதனாலேயே உடல் முற்றுப்பெற்ற பின்னரே சுருக்கம் எழுதப்பட வேண்டும்.

பாட்டையாவின் வினாவை முன்னிறுத்தி முதல் வாக்கியத்தை இவ்வாறு அமைத்தேன்: ‘சேமிப்புக் கிடங்கு அமைக்கவும் உறுப்பினர்க்குப் பருவகால முன்பணம் வழங்கவும், ஐந்தாண்டுகளில் திருப்பிச் செலுத்தும் முறையில், 4 இலட்ச ரூபாய் கடன் வேண்டுகிறோம்.’ பனையின் பெருமையைச் சொல்லும் பத்திகள் நீங்கின. பெருமை குறைந்துவிடவில்லை, கேட்பவர் ஏற்கெனவே அறிந்ததை அவருக்கே சொல்லும் வேலை மட்டும் குறைந்தது.

எல்லையைச் சொல்லும் துணிவு

சிக்கல் எழுந்தது முன்னுரையில். நோக்கம், வழி, எல்லை ஆகியவற்றை எழுதும்போது, இக்கணக்கு எந்த நிபந்தனையின்மேல் நிற்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அறுபத்திரண்டு பேரும் ஐந்தாண்டு தொடர்ந்து ஏறுவர் என்ற நிபந்தனையின்மேல் உடலில் இருந்த கணக்கு நின்றது. ஆனால் உறுப்பினருள் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்தம் மக்கள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். புதிதாக ஏற வருவோர் இலர். இதை எழுதுவதா, விடுவதா?

கூட்டத்தில் கருத்து வேறுபாடு மூண்டது. “நம்ம குறைய நாமளே எழுதிக் குடுக்கவா? கடன் கேக்கப் போறவன் கையில நோய்ச்சீட்ட கொண்டுட்டா போவான்?” என்று செயற்குழுவினர் சிலர் சினந்தனர். அவர்கள் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. கடன் மறுக்கப்பட்டால் மீண்டும் வியாபாரியின் முன்பணத்திற்கே கையேந்த வேண்டும். பெண் மக்களின் திருமணமும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதில் அடங்கியிருந்தன. எழுதுகோல் என் கையில். விளைவு அவர்கள் வீட்டில். எழுதுவோன் மறக்கலாகாத நிலை இது.

நான் சொன்னது ஒன்றே. மேலாளர் ஒருநாள் இங்கு வருவார். வந்தால் உங்கள் நரையைக் காண்பார். தாளில் இல்லாததை முகத்தில் கண்டால், தாளில் உள்ள மற்றவற்றையும் ஐயுறுவார். ஐந்தாண்டில் அறுபத்திரண்டு பேர் ஐம்பதாகக் குறைவர் என்று வைத்துத் தவணையைக் கணக்கிடுவோம்; அதையும் முன்னால் சொல்வோம். நெடுநேரம் பேச்சு நடந்தது. இறுதியில் பாட்டையா எழுந்து, “மரத்துல ஏறும்போது பட்டுப்போன மட்டை எதுன்னு தெரிஞ்சாத்தான் கைய வைக்கலாம். எழுதும்” என்றார். எழுதப்பட்டது.

கடலும் கப்பலும் கற்பிக்கும் பாடம்

எல்லையைச் சொல்வதன் அருமையை நம் கடற்கரையின் வரலாறு வலியுறுத்துகிறது. ஹெர்ட்மன் தம் ஆய்வில், பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் திரளாகத் தோன்றினும், பருவக்காற்றின் கொந்தளிப்பில் அவை மீண்டும் மீண்டும் அழிகின்றன என்று கண்டார். 1903இல் முத்துக்குளித்தல் மீண்டும் தொடங்கியது. 1905இல் 8 கோடிக்கும் மிகுதியான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த வளத்தின் பின்னணியில், 1906இல் ஒரு வணிக நிறுவனம் இலங்கையின் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். 1907க்குப் பின் பார்கள் மீண்டும் பொய்த்தன. சில ஆண்டுகளில் நிறுவனம் கலைக்கப்பட்டது. ஒரு நல்ல ஆண்டின் கணக்கை இருபதாண்டுக்கு நீட்டியதை ஆழ்கடல் ஒப்புக்கொள்ளவில்லை. தூத்துக்குடிப் பகுதியிலும் 1955 முதல் 1961 வரை முத்துக்குளித்தல் நடைபெற்றது. 1961க்குப் பின் நடைபெறவே இல்லை.

அதே 1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்ச ரூபாய்; பங்கொன்று 25 ரூபாய்; பங்குகள் 40,000. ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகளை ஏற்றார் என்பது வரலாறு. செல்வர் மட்டுமல்லர், எளியோரும் பங்கு வாங்கத்தக்க தொகை அது. எண்ணிப் பாருங்கள்: நிறுவனத்தின் கணக்கேடுகளைப் புரட்டும் வாய்ப்பு எளிய பங்குதாரருக்கு ஏது? நோக்கமும் மூலதனமும் பொறுப்பாளர் பெயரும் தாங்கிய தொடக்க அறிவிப்பை நம்பியே பொதுமக்கள் பொருள் தருகின்றனர். அந்நம்பிக்கையைக் காப்பதற்காகவே இன்றைய இந்தியச் சட்டம், 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவில், பங்கு வெளியீட்டு விவரக்குறிப்பில் பொய்யோ திசைதிருப்பும் கூற்றோ இருப்பின் அதற்குக் காரணமானோரைக் குற்றவியல் தண்டனைக்கு உட்படுத்துகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லாது விட்டுத் திசைதிருப்புவதும் அச்சட்டத்தில் குற்றமே. முன்பக்கத்தில் மறைத்தலும் பொய்யே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

விளைந்தது யாது?

சங்கத்தின் அறிக்கை மீண்டும் சென்றது. மேலாளர் வந்தார்; பனங்காட்டைப் பார்த்தார்; உறுப்பினரின் வயதைக் கேட்டார். முன்னுரையில் படித்ததையே அவர்கள் வாயிலும் கேட்டார். கேட்ட 4 இலட்சத்தில் 3 இலட்சத்திற்கே ஒப்புதல் கிடைத்தது. செயற்குழுவில் சினந்தோர், உண்மை சொன்னதற்கு ஓர் இலட்சம் விலை என்று என்னைக் குத்திக்காட்டியதும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. உண்மைக்கு விலையில்லை என்பது மேடைப் பேச்சு. கிடங்கு சிறிதாகக் கட்டப்பட்டது.

ஐந்தாண்டு முடியும்போது ஏறுவோர் நாற்பத்தெட்டுப் பேராகிவிட்டனர். நாங்கள் கணித்ததினும் இருவர் குறைவு. ஆயினும் தவணை குறைந்த எண்ணிக்கைக்கென்றே வகுக்கப்பட்டிருந்தமையால், கடைசித் தவணை ஒன்று சில வாரம் தாமதித்ததைத் தவிரக் கடன் முழுதும் அடைந்தது. அறுபத்திரண்டின்மேல் 4 இலட்சம் வாங்கியிருந்தால், நாற்பத்தெட்டுப் பேர் அதைச் சுமந்திருப்பர். ஓர் இலட்சம் குறைந்தது இழப்பா, காப்பா என்பதைப் படிப்போர் தீர்ப்புக்கு விடுகிறேன்.

மாணவச் செல்வங்களுக்கு

வணிகவியல் மாணவர் தமிழ் வகுப்பை மதிப்பெண்ணுக்காக மட்டும் கேட்பதும், தமிழ் மாணவர் அலுவலக எழுத்தைத் தமக்குத் தொடர்பில்லாததென்று ஒதுக்குவதும் வருந்தத்தக்கன. அறிக்கை எழுதும் வேலை உங்களை வந்தடையும் நாளில் இவ்வரிசையைக் கைக்கொள்ளுங்கள். முதலில் பணித்தவரின் வினாவை ஒரு வாக்கியத்தில் எழுதி மேசைமேல் வையுங்கள். அடுத்து எல்லையை எழுதுங்கள். பின்னர் உடலை எழுதி முடியுங்கள். அதன்பின் முன்னுரையைச் செப்பம் செய்து, சுருக்கத்தை எழுதுங்கள். அதனைத் துறை அறியாத ஒருவருக்குப் படித்துக்காட்டி, நாம் கேட்பது என்னவென்று அவரைச் சொல்லச் செய்யுங்கள். சொல்லிவிட்டால் சுருக்கம் தேறிற்று. இறுதியாகப் பொருளடக்கம், ஒப்படைப்புக் கடிதம், முகப்பு. படிப்போர் முன்னிருந்து பின் வருவர். எழுதுவோர் பின்னிருந்து முன் வர வேண்டும்.

இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் சுருக்கத்தை எழுதித்தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் எந்நிபந்தனையின்மேல் நம் கணக்கு நிற்கிறது என்பதை முன்னால் எழுதுவதா, மறைப்பதா என்னும் முடிவு எழுதுவோருடையது. ஒப்படைப்புக் கடிதத்தின் கீழுள்ள கையொப்பமும் அவருடையதே. ஆக்கியோன் பெயரைப் பாயிரத்தில் வைக்கச் சொன்ன நம் முன்னோர், புகழை மட்டும் கருதி அதைச் சொல்லியிரார். தவறு நேரின் யாரைக் கேட்பது என்பதும் அதனால் தெரியும்.